எழுதியவர் பெயர் எங்கே?

கூட்டேரிப்பட்டில் பேருந்துக்காக நாம் காத்திருந்த ஒரு மாலை. தேநீர்க் கடையில் 'கல்யாண பரிசு' பாடலொன்று ஒலித்தது. "ஜெமினி படம்" என்றார் ஒருவர். "ஏ.எம். ராஜா பாட்டு" என்றார் மற்றவர். பாடலைப் புனைந்த பட்டுக்கோட்டையாரும் நினைவுக்கு வரவில்லை. படத்தை எழுதி இயக்கிய ஸ்ரீதரும் வரவில்லை. இத்தனைக்கும் இதே நெடுஞ்சாலையில் வடக்கே மதுராந்தகத்தை அடுத்த சித்தாமூரில் (நம் செஞ்சிப் பக்கத்து மேல்சித்தாமூர் அன்று) 1933இல் பிறந்தவர் அவர்!

இதனை மறதி என்று மன்னிக்க நாம் ஆயத்தமாயில்லை. நடிகரின் முகத்தைத் தொழுது, எழுதியவரின் கையை மறக்கும் நன்றிகேடு இது. இத்தாலியின் 'சைக்கிள் திருடர்கள்' (1948) படத்தைப் போற்றுவோர் இயக்குநர் தெ சீக்காவோடு எழுத்தாளர் சவாத்தீனியையும் சேர்த்தன்றோ போற்றுகின்றனர்?

ஸ்ரீதர் எழுத்தாளராகவே நுழைந்தவர். 1954இல் 'எதிர்பாராதது' படத்திற்குக் கதை வசனம். 1959இல் 'கல்யாண பரிசு' மூலம் இயக்குநர். "பலவும் தொட்டார், எதிலும் ஆழமில்லை" என்பார் சிலர். அவர்களைக் கேட்கிறோம்: 1962இல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தின் பெரும்பகுதியை ஒரு மருத்துவமனைக்குள்ளேயே அடைத்து, தான் காதலித்தவளின் கணவனைக் காக்கப் போராடும் மருத்துவரைக் காட்டியது ஆழமில்லையா? அதே ஆண்டின் 'சுமைதாங்கி'யில், குடும்பப் பாரமெல்லாம் சுமந்து தனக்கென ஒன்றும் மிஞ்சாத நாயகன் இறுதியில் கிறிஸ்தவக் குருவாகிறான். மறைப்பணி நோக்கமின்றி வணிகத் திரையில் ஒருவர் எழுதிய முடிவு அது. நம்மவருள் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அந்தக் கை 1964இல் 'காதலிக்க நேரமில்லை'யில் நாட்டையே சிரிக்க வைத்தது. அதில் சித்ராலயா கோபுவின் எழுத்துப் பங்கை மறைத்தால் நாமும் அதே குற்றவாளிகளாவோம். அழவும் சிரிக்கவும் எழுத வல்லவரை ஆழமற்றவர் என்பது என்ன அளவுகோல்? பிற்காலத்துச் 'சிவந்த மண்' போன்றவற்றில் ஆடம்பரம் கதையை விழுங்கியது உண்மையே. அதற்காக முன்னையவை பொய்யாகிவிடுமா?

2008இல் ஸ்ரீதர் மறைந்தார். அவரை விடுங்கள், நம் பங்குகளின் பாஸ்கா நாடக அறிவிப்புகளைப் பாருங்கள். ஒலிபெருக்கி தந்தவர் பெயர் உண்டு, பந்தல் போட்டவர் பெயர் உண்டு. இரவெல்லாம் விழித்து உரையாடல் எழுதிய ஆசிரியரின் பெயர் இராது. வரும் தவக்காலத்து அறிவிப்பில் அந்த ஒரு வரியை அச்சிடுங்கள், அச்சுக்கூலி கூடாது.