தேர்வுக்கு இடமுண்டு, வேலைக்கு இல்லை

பிரிட்டனில் மருத்துவராகப் பதிவு பெற விரும்பும் வெளிநாட்டுப் பட்டதாரிகள் ‘பிளாப்’ தேர்வில் வெற்றி பெற வேண்டும். அதன் முதற்பகுதியைக் கொல்கத்தாவிலேயே எழுதலாம்: மூன்று மணி நேரம், 180 கேள்விகள். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் நகருக்குத்தான் செல்ல வேண்டும். ஆங்கிலத் தேர்வும், பட்டச் சான்றை அமெரிக்க நிறுவனம் ஒன்றின் வழியே சரிபார்க்கும் நடைமுறையும் தனி. ஒவ்வொரு படிக்கும் அந்நியச் செலாவணியில் கட்டணம். விசாவும் விமானச் சீட்டும் தங்குமிடமும் சேர்ந்தால் அரசு மருத்துவமனைப் பயிற்சி மருத்துவர் ஒருவரின் பல மாத உதவித்தொகை கரைந்துவிடும். எஞ்சியது பெற்றோரின் சேமிப்பிலிருந்தோ வட்டிக் கடனிலிருந்தோதான் வர வேண்டும்.

இவ்வளவையும் கடந்தவர் முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் நிலைமை புரிகிறது. ஒரே ஓர் இளநிலை மருத்துவர் பணியிடத்திற்கு நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் குவிகின்றன. இறுதி நாளுக்கு முன்பே விண்ணப்ப வாயில் மூடப்படுகிறது. பிரிட்டன் மருத்துவமனையில் பணியாற்றிய அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. வேலை கிடைக்காதவருக்கு அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? எனவே மூத்த மருத்துவர் ஒருவரின் பின்னால் நின்று, ஊதியமின்றி, வெறும் பார்வையாளராகச் சில வாரங்கள் கழிக்கிறார்கள். இதற்கும் கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் உண்டு. வேலை தருவதாக எந்த உறுதியும் அளிக்காத தேர்வுக்கு இடங்களை மட்டும் பெருக்கிக் கட்டணம் திரட்டுவது எவ்வகை அறம் என்று பிரிட்டன் மருத்துவக் கவுன்சிலைக் கேட்க வேண்டியிருக்கிறது.

2025 ஜூலை 3 அன்று பிரிட்டன் அரசு வெளியிட்ட பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம், சிறப்பு மருத்துவப் பயிற்சி இடங்களில் உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கும், தேசிய சுகாதாரச் சேவையில் கணிசமான காலம் பணியாற்றியவர்களுக்கும் முன்னுரிமை என்று அறிவித்தது. அதே மாதம் 24 அன்று இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்றிய அரசு அதை வரலாற்றுச் சாதனை என்று கொண்டாடியது. ஸ்காட்ச் விஸ்கிக்கு இந்தியாவில் சுங்கவரி குறையும். இந்திய மருத்துவர் மட்டும் முன்போலவே மான்செஸ்டருக்குச் சென்று தேர்வு எழுத வேண்டும்.

கொல்கத்தாவுக்கு இது புதிய அனுபவமன்று. 1835 இல் தொடங்கப்பட்ட கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் நால்வர், 1845 இல் துவாரகநாத் தாகூருடன் கப்பலேறி லண்டனில் பயின்றனர். அவர்களில் ஒருவரான சூர்ஜோ குமார் சக்கரவர்த்தி 1855 இல் போட்டித் தேர்வு எழுதி, இந்திய மருத்துவப் பணியில் அவ்வழியே நுழைந்த முதல் இந்தியரானார். இந்தியாவில் பணியாற்றுவதற்கான அந்தத் தேர்வு நடந்ததும் லண்டனில்தான்! பின்னர் 1930 இல் இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தைப் பிரிட்டன் கவுன்சில் நிறுத்தியது. பின்னர் திருப்பித் தந்தது. 1948 இல் தேசிய சுகாதாரச் சேவை பிறந்தபின் ஆள் தேவைப்பட்டது. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளிலும், முதியோர் மருத்துவம், மனநல மருத்துவம் போன்ற உள்நாட்டவர் விரும்பாத துறைகளிலும் துணைக்கண்டத்து மருத்துவர்கள் நிரப்பப்பட்டனர். 1975 இல் மீண்டும் அங்கீகாரம் பறிக்கப்பட்டுத் தேர்வு வந்தது. 2006 இல் அனுமதிச் சீட்டின்றிப் பயிற்சி பெறும் முறை திடீரென ஒழிக்கப்பட்டு, ஏற்கெனவே அங்கே சென்றிருந்த ஆயிரக்கணக்கானோர் நிர்க்கதியாயினர். அவர்களுக்கு எதிராகச் சுகாதாரத் துறை அளித்த வழிகாட்டுதல் சட்டவிரோதமானது என்று பிரபுக்கள் சபை 2008 இல் தீர்ப்பளித்தது. இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கம் போராடிப் பெற்ற வெற்றி அது. எனினும் அதற்குள் பலர் ஊர் திரும்பிவிட்டனர்.

பிரிட்டனில் பயின்ற இளம் மருத்துவர்களின் குறையும் நியாயமானதே. 2025 இல் சுமார் 10,000 சிறப்புப் பயிற்சி இடங்களுக்கு 30,000க்கும் மேற்பட்டோர் போட்டியிட்டனர். அந்த ஜூலை 25 முதல் அவர்கள் ஊதிய உயர்வுக்காக ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தனர். பயிற்சி இடங்களைப் பெருக்காமல் ஆண்டுக்கணக்கில் சிக்கனம் பேசிய அரசுகள், இன்று ஒரு பகுதி உழைப்பாளரை மற்றொரு பகுதிக்கு எதிராக நிறுத்துகின்றன. கொல்கத்தா மருத்துவரும் லீட்ஸ் மருத்துவரும் ஒரே நாற்காலிக்கு மோதிக்கொள்ளும்வரை, நாற்காலிகளின் எண்ணிக்கையை யாரும் கேட்கப்போவதில்லை.

மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு ஓடுகிறார்கள் என்ற ஏளனம் நம் தோழர்கள் சிலரிடமும் உண்டு. வரிப்பணம் பற்றிய கவலை சரி, ஏளனம் சரியன்று. 2024 ஆகஸ்ட் 9 அன்று ஆர்.ஜி.கர் மருத்துவமனையில், நெடுநேரப் பணிக்குப்பின் கருத்தரங்க அறையில் ஓய்வெடுத்த பெண் மருத்துவர் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார். ஓய்வறை, கழிப்பறை, பாதுகாப்பு ஆகிய எளிய தேவைகளுக்காக இளநிலை மருத்துவர்கள் அக்டோபர் 5 முதல் தர்மதலாவில் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்க நேர்ந்தது. அந்தச் சூழலில் ஒருவர் வெளிநாட்டு விண்ணப்பத்தை நிரப்பினால், அவரது நாட்டுப்பற்றை விசாரிப்பதற்கு முன் அவரது பணிநேரத்தை விசாரிக்க வேண்டும்.

அவர்கள் முன்வைத்த பத்துக் கோரிக்கைகளில், காலியாகக் கிடக்கும் மருத்துவர், செவிலியர், சுகாதாரப் பணியாளர் இடங்களை உடனே நிரப்புக என்பதும் ஒன்று. உண்ணாவிரதம் அக்டோபர் 21 அன்று முடிந்தது. அந்தக் கோரிக்கையை மருத்துவர் சங்கங்களின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடாமல், நோயாளிகள் வரிசையில் நிற்கும் மாவட்ட மருத்துவமனை வாயில்களுக்கு நமது வெகுஜன அமைப்புகள் எடுத்துச் செல்ல வேண்டும்.