கேட்க வேண்டியது நாம்தான்

உறுப்பு தானம் போதவில்லை என்ற பேச்சு வரும்போதெல்லாம் மக்களின் தயக்கத்தைக் காரணம் காட்டிப் பழகிவிட்டோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் நாம் முதலில் நம்மைக் கேட்டுக்கொள்வோம்: மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்திடம் யாராவது பேசினோமா?

1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை மரணமாக ஏற்றது. 2011-இல் வந்த திருத்தம் நம்மீது ஒரு கடமையைச் சுமத்தியது. நோயாளி தானத்துக்கு முன்பே ஒப்புதல் தந்திருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும்; தராவிட்டால், அப்படியொரு வாய்ப்பு உண்டு என்பதை நெருங்கிய உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். மறுக்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. கேட்காமலே விட்டுவிடும் உரிமை நமக்குச் சட்டத்தில் இல்லை.

கேட்பதற்கு முன் மூளைச்சாவை உறுதிசெய்ய வேண்டும். நான்கு மருத்துவர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதனை, படிவம் 10-இல் கையொப்பம். மாற்று அறுவை அணியைச் சேர்ந்தவர் இந்தக் குழுவில் இருக்கக் கூடாது. இந்தப் பிரிவினையே குடும்பத்தாரின் நம்பிக்கைக்கு அடிப்படை. ஆப்னியா சோதனையை நாளைக்குத் தள்ளிப்போட்டால் அதற்குள் இதயம் நின்றுவிடலாம். பிறகு பெரும்பாலும் கருவிழி போன்ற திசுக்களே மிஞ்சும்.

சாலை விபத்தில் சிக்கியவர் என்றால் பிரேதப் பரிசோதனையைக் காட்டிப் பின்வாங்குகிறோம். அத்தகைய உடலிலிருந்தும் உறுப்பு எடுக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. காவல்துறைக்கும் தடயவியல் மருத்துவருக்கும் உடனே தகவல் சொன்னால் போதும், வேலை தடைபடாது.

முழு உடல் தானம் மாநில உடற்கூறியல் சட்டங்களின் கீழ் வருவது. உறுப்புகள் எடுக்கப்பட்ட உடலையும் பிரேதப் பரிசோதனை செய்த உடலையும் உடற்கூறியல் துறைகள் பொதுவாக ஏற்பதில்லை. கண் தானம் மட்டும் அதற்குத் தடையாகாது. இதையும் உறவினருக்கு முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவருக்கு 2023 முதல் அரசு மரியாதை செலுத்தப்படுகிறது. அந்த மரியாதைக்கு உரியவர் நம் பிரிவில் அடையாளம் காணப்படாமலே போய்விடக் கூடாது. தானம் நடக்குமா என்று பார்த்து மூளைச்சாவைச் சான்றளிப்பதும் தவறு. அது நோயாளியின் நிலையைச் சொல்லும் மருத்துவ முடிவு; அதை அறியும் உரிமை எல்லாக் குடும்பத்துக்கும் உண்டு. ஒவ்வொரு மருத்துவமனையும் சான்றளிக்கும் குழுவின் பணிநேரப் பட்டியலை இந்த வாரமே எழுதி வைக்கட்டும்.