ஊருக்கொரு தீயணைப்புச் சங்கம்

2016 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்து இரவொன்றிலே கிளிநொச்சிப் பொதுச்சந்தை தீப்பற்றி எரிந்தபோது, ஊரவர்களும் படையினரும் தம்மால் இயன்ற பிரயத்தனமெல்லாம் செய்தும், யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதி வழியே அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடிவர வேண்டியிருந்த தீயணைப்பு வாகனத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தமையால், யுத்தத்தில் யாவற்றையும் இழந்து பின் கடன்பட்டுச் சிறுகச் சிறுகச் சேர்த்த வியாபாரிகளின் முதல் ஓரிரவில் கரியாயிற்று. மாவட்டமொன்றின் தலைநகரில் அன்று தீயணைப்பு வாகனம் ஒன்றுகூட இருக்கவில்லை. வீழ்ந்த தண்ணீர்த் தாங்கியை யுத்தத்தின் ஞாபகச் சின்னமாக வீதியோரத்தில் நெடுங்காலம் காட்சிக்கு வைத்திருந்த நகரமும் அதுவே!

இலங்கையில் தீயணைப்புச் சேவை தேசிய ஸ்தாபனமொன்றின் கையில் இல்லை. அது உள்ளூராட்சி மன்றங்களின் கடமை. வருமானமுள்ள மாநகரம் வாகனம் வாங்கும்; வரியிறுக்க வசதியற்ற ஜனங்களைக் கொண்ட பிரதேச சபை கடிதம் எழுதிக்கொண்டிருக்கும். வவுனியாவில் நகரசபைக் காலத்திலேயே தீயணைப்புப் பிரிவு இயங்கியது. கிளிநொச்சியில், சந்தை எரிந்த பின்னர், கரைச்சிப் பிரதேச சபையின் கீழ் ஒரு பிரிவு தோன்றியது. நன்றே. ஆயினும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் வன்னி மாவட்டங்கள் மூன்றும் சேர்ந்து 5,800 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட நிலம். அதிற் பெரும்பகுதி காடும் குளமும் வயலும். நகரத்தில் நிற்கும் வாகனம் கிறவல் பாதையிற் குலுங்கி ஒரு குடியேற்றக் கிராமத்தின் கோடியை அடையும்போது, நனைப்பதற்குச் சாம்பல்தான் மிஞ்சியிருக்கும்.

கிடுகுக் கொட்டிலில் தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்பதை வன்னியில் வாழ்ந்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. சோளகம் வீசும் காலமாயின் சொல்லவே வேண்டாம். முதலில் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். கிணற்றில் ஒருவர் அள்ள, வாளி கைமாறும். இளைஞர் இருவர் அடுத்த வீட்டுக் கூரையில் ஏறிக் கிடுகைப் பிரித்தெறிவார்கள். வேலியோரப் புல்லில் இறங்கிய நெருப்பைப் பச்சைக் குழையாலும் ஈரச்சாக்காலும் அடிப்பார்கள். கட்டளையிட ஒருவருமின்றி, ஆளுக்கொரு திசையாகக் கூவிக்கொண்டு நடைபெறும் இந்தக் காரியத்தில் வீரத்துக்குக் குறைவில்லை, ஒழுங்குக்குத்தான் குறைவு. வயலுக்கு நீர் இறைக்கும் மெசின் பக்கத்து வளவிலேயே கிடக்கும். அதற்கு எண்ணெய் இருக்கிறதா, குழாய் எட்டுமா என்பதை அப்போதுதான் தேடுவார்கள்.

இந்த ஒழுங்கைத்தான் 1736 இல் பிலடெல்பியா நகரத்தில் பெஞ்சமின் பிராங்கிளினும் அவருடைய நண்பர்களும் உண்டாக்கினார்கள். அவர்கள் அமைத்த தொண்டர் சங்கத்திலே ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், பொருள்களை அள்ளிக் காப்பாற்றப் பைகளையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். மாதந்தோறும் கூட வேண்டும். கூட்டத்துக்கு வராதவர் தண்டம் இறுக்க வேண்டும். தண்டம் என்ற அந்தச் சிறு விதியே, என் அபிப்பிராயத்தில், அச்சங்கத்தின் ஜீவநாடி. சிலி தேசத்தில் இன்றும் தீயணைப்போர் யாவரும் ஊதியமில்லாத் தொண்டர்களே. ஐசுவரியம் மிகுந்த ஜேர்மனியிலும் பெரும்பாலோர் அத்தகையோரே. ஆகவே இது ஏழைகளுக்கென்று ஒதுக்கிய மலிவான ஏற்பாடு அன்று.

மதுரையை எரித்த கண்ணகியை முல்லைத்தீவு வற்றாப்பளையில் எழுந்தருளச் செய்து, கடல்நீரில் விளக்கேற்றி, வைகாசிதோறும் பொங்கலிட்டுக் குளிர்விக்கும் ஜனங்களுக்கு, அக்கினியின் கோபமும் அதைத் தணிக்க ஊர்கூட வேண்டிய அவசியமும் புதிய செய்திகள் அல்ல. குளக்கட்டு உடையுமென்றால் நடுச்சாமத்திலும் மண்மூட்டையோடு இறங்குகிறவர்கள் அவர்கள். கமக்காரர் அமைப்பு உண்டு, சனசமூக நிலையம் உண்டு, விளையாட்டுக் கழகமோ மூலைக்கொன்று உண்டு. ஆகவே ஊர்தோறும் இத்தகைய தொண்டர் சங்கமொன்றை அமைப்பதற்குப் புதிதாக ஆளைத் தேட வேண்டியதில்லை.

தொண்டர் என்ற பெயரைச் சொல்லி அரசாங்கம் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானது. நமது நாட்டில் அப்படி நடந்ததற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அதனாற்றான் சில காரியங்களைச் சபைகளிடமே கண்டிப்பாகக் கேட்க வேண்டும். கோடையில் ஒவ்வொரு பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசரும் இரவிலே நிரப்பப்பட்டு, சாரதியோடு ஆயத்தமாக நிற்க வேண்டும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உள்ள தீயணைப்பு வீரர்கள் கிராமங்களுக்குச் சென்று பயிற்சி அளிக்க வேண்டும். தீக்காயம்பட்ட தொண்டனுக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்க வேண்டும். பிறர் வீட்டுத் தீயை அணைக்கப்போய்த் தன் கை வெந்தவனை வைத்தியச் செலவுக்குக் கடன்காரனாக்குவது அநியாயம்.

அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளும் போது, வன்னியின் ஒவ்வொரு பிரதேச சபை உறுப்பினரும், எந்தக் கட்சியினராயினும், தத்தம் வட்டாரத்தில் ஒரு சங்கத்துக்காவது ஒரு மெசினும் நூறு மீற்றர்க் குழாயும் ஒதுக்குமாறு பிரேரணை கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.