தகப்பனும் அணைக்கலாம்

மும்பைக்குப் பிழைக்க வந்த நம்மவர் வீட்டில் பிள்ளை பிறந்தால், ஒத்தாசைக்குப் பாட்டியோ அத்தையோ பக்கத்தில் இருப்பதில்லை. பிள்ளை எடை குறைந்து பிறந்துவிட்டால் தாய் தவித்துப் போகிறாள்.

இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தையின் உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிப்பாட்ட அவசரப்படக்கூடாது. துணியில்லாத மார்போடு அணைத்து, மேலே போர்த்தி, தாய்ப்பால் புகட்ட வேண்டும். 1978-ல் கொலம்பியாவில் தொடங்கிய இந்தக் 'கங்காரு' முறையில், தாய் களைத்தால் தகப்பனும் அணைத்துக்கொள்ளலாம்.

நாலு கிலோவைத் தாண்டிய குழந்தை என்றாலும் மெத்தனம் கூடாது. இரத்தத்தில் சர்க்கரை குறையக்கூடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் தரவேண்டும்.

குழந்தை பால் குடிக்காவிட்டாலோ, உடல் சில்லிட்டாலோ உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே 2011 முதல் பச்சைக் குழந்தைக்குச் சிகிச்சை இலவசம். ஒரு நாள் கூலியை எண்ணித் தகப்பன் தயங்கக்கூடாது.