இல்லற நலம்: தாம்பத்தியக் குறைக்குத் தக்க வைத்தியரை நாடுவது எவ்வாறு?

கண்டியை அடுத்த ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரி சென்ற மாதம் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய ஊரையும் பெயரையும் நாம் வெளியிடப் போவதில்லை. மணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றனவாம், மடியிற் குழந்தையில்லை. மாமியார் கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்தார். அயலார் வாய்க்கு வந்தபடி பேசினர். வைத்தியர் இருவரிடம் காட்டி, இரத்தம் சோதித்து, ஸ்கானும் எடுத்தாயிற்று. யாவும் சரியாகவே இருக்கின்றன. "எங்கள் இருவருக்குமிடையில் இன்றுவரை இல்லற உறவு நிகழவேயில்லை. அதை ஒருவரும் கேட்கவுமில்லை; நாங்கள் சொல்லவுமில்லை" என்று எழுதுகிறார். கடிதத்தின் முடிவில் ஒரு வரி: "என் கணவர் மிக நல்லவர். அவரைக் குறைகூறி எழுதிவிடாதீர்கள்."

அவரைக் குறைகூற நமக்கு யாதொரு காரணமுமில்லை. அந்தச் சகோதரியையும் குறைகூறுவதற்கில்லை. குறை இருக்குமாயின், அது நம் வீடுகளிற் குடிகொண்டுள்ள மௌனத்தின் குறையேயாம். இப்பொருளைக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்களுக்கு நாம் நினைவூட்ட விரும்புவது ஒன்றே. பள்ளிப் பிள்ளைகள் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மனனம் செய்கின்றனர். ஆனால் வள்ளுவர் அவ்விரண்டோடு நின்றுவிடவில்லை. 25 அதிகாரங்களில் 250 குறள்களை இன்பத்துப்பாலுக்கென்றே வகுத்துத் தந்தார். இல்லற இன்பம் பேசத்தகாத பொருள் என்று அவர் கருதினாரல்லர்.

சட்டமும் இது குறித்து மௌனம் சாதிக்கவில்லை. இலங்கையின் 1907 ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், மணவிலக்குக்குரிய காரணங்களுள் ஒன்றாக, திருமண வேளையில் இருந்த 'தீர்க்க முடியாத' ஆண்மையின்மையையும் கூறுகின்றது. ஆகவே, வைத்தியரிடம் சொல்லக் கூசிய செய்தியை ஈற்றில் நீதிமன்றத்திற் பலர் முன்னிலையிற் சொல்ல நேருகின்றது. அச்சட்டம் எழுந்த காலத்தில் 'தீர்க்க முடியாதது' எனத் தோன்றியவற்றுட் பல இன்று தீர்க்கக்கூடியவை. இதனை அறியாமலே பிரிந்துபோன தம்பதியரை எண்ணும்போதுதான் நமக்கு வருத்தம் மேலிடுகின்றது.

இச்சிகிச்சை யாது?

மேல்நாட்டார் 'செக்ஸ் தெரபி' என வழங்குவதைப் பாலியற் சிகிச்சை எனலாம். இதன் இன்றைய வடிவத்துக்கு வித்திட்டவர்கள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆராய்ச்சி செய்த வில்லியம் மாஸ்டர்ஸ் என்ற மகப்பேற்று மருத்துவரும், அவருடன் பணியாற்றிய வர்ஜீனியா ஜோன்சன் என்ற அம்மையாரும் ஆவர். தமது சிகிச்சை முறையை அவர்கள் 1970 இல் நூலாக வெளியிட்டனர். கணவனையோ மனைவியையோ தனித்து நோயாளி என்று கொள்ளலாகாது. இருவருக்குமிடையேயுள்ள உறவையே நோயாளியாகக் கொள்ள வேண்டும் என்பது அவர்களின் அடிப்படைக் கொள்கை.

இன்னொன்றையும் அவர்கள் கண்டனர். இன்று நம்மால் இயலுமா, இயலாதா என்ற பயத்துடன் தன்னைத் தானே உற்றுநோக்கிக்கொண்டிருப்பவனுக்கு உடல் ஒத்துழைப்பதில்லை. பரீட்சை மண்டபத்தில் அஞ்சி நடுங்கும் மாணவனுக்குப் படித்த பாடம் மறந்துபோவது போன்றதே இதுவும். ஒருமுறை தவறினால் மறுமுறை அச்சம் இரட்டிக்கின்றது; அச்சம் இரட்டிக்கவே மறுபடியும் தவறுகின்றது. ஆதலின் சிகிச்சையாளர் முதலில் அந்தப் பரீட்சையையே நிறுத்தி வைக்கின்றார். சில காலத்துக்கு உடலுறவை முயலவே வேண்டாம் என்கிறார். கைகோத்தல், அணைத்தல், அன்புடன் தடவிக் கொடுத்தல் எனப் படிப்படியாக வீட்டிற் செய்யும் பயிற்சிகளைக் கற்பிக்கின்றார். தம்பதியர் அவற்றைத் தம் வீட்டில், தம் அறையில், தனிமையில் செய்து, அடுத்த தவணையில் வந்து பேசுகின்றனர். சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை இது நீடிக்கலாம்.

மனைவியின் பக்கத்திலும் ஒரு தடை நேர்வதுண்டு. சில பெண்களுக்கு, அச்சத்தினாலோ முந்திய வேதனையினாலோ, யோனித் தசைகள் அவர்கள் விரும்பாமலே இறுகிக்கொள்கின்றன. இதனைப் பிடிவாதம் என்றும் விருப்பமின்மை என்றும் குடும்பத்தார் தவறாக எண்ணுகின்றனர். கண்ணருகே தூசி வந்தால் இமை தானே மூடுவது போன்ற செயல் அது. தசைகளைத் தளர்த்தும் பயிற்சியாலும், பொறுமையான வழிகாட்டலாலும் பெரும்பாலோர் இதிலிருந்து நலம் பெறுகின்றனர். பலவந்தம் செய்தால் நோய் முற்றும் என்பதை ஆடவர் நினைவிற் கொள்ளவேண்டும்.

உடல் தரும் எச்சரிக்கை

நிற்க, எல்லாவற்றையும் மனத்தின்மேற் சுமத்திவிடுவதும் பிழையாகும். நீரிழிவு, இரத்த அழுத்தம், தைராய்டுக் கோளாறு, மதுப்பழக்கம், புகைத்தல் ஆகியவை ஆண்மையைத் தளர்விக்கக் கூடியவை. இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் உட்கொள்ளும் மருந்துகளிற் சில இவ்விளைவைத் தருவதுண்டு. அத்தகையோர் தாமாக மருந்தை நிறுத்திவிடாது, தந்த வைத்தியரிடமே சொல்லி மாற்றிக்கொள்ளவேண்டும். ஆணுறுப்புக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. ஆதலால் குழாய்கள் அடைபடத் தொடங்கும்போது, நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்னரே இங்கு குறை தோன்றலாம். நாற்பது ஐம்பது வயதில் இக்குறை புதிதாகத் தோன்றுமாயின், வெட்கி மறைக்காமல் இரத்தச் சீனியையும் இதயத்தையும் சோதித்துக்கொள்வது உயிரையே காக்கக்கூடும்.

1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாபில் மாத்திரையைப் பற்றி அறியாதார் இன்று அரியர். நல்ல மருந்துதான். எனினும், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து உட்கொள்பவர் இதனையும் சேர்த்து விழுங்கினால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிராபத்து நேரலாம். ஆதலின் நண்பர் சொன்னார் என்று மருந்துக்கடையில் வாங்குதல் ஆகாது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை

நம் பக்கத்தைப் படிக்கும் மாணவர்கள் பலர் உள்ளனர். அவர்களுட் சிலரை வாட்டும் கவலை, உறக்கத்தில் விந்து வெளியேறுவதால் உடல் நலிந்து, மூளை மழுங்கி, மணவாழ்வுக்குத் தகுதியற்றவராகிவிடுவோம் என்பதாகும். நாற்பது துளி இரத்தம் ஒரு துளி விந்தாகிறது என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. உடலியல் அவ்வாறு கூறவில்லை. இளமையில் இது இயல்பாக நிகழ்வது; இதனால் எவ்விதத் தீங்குமில்லை. ஆனால் இதுபற்றிய அச்சமே சோர்வையும் தூக்கமின்மையையும் விளைவிக்கின்றது. இந்திய உளமருத்துவர் விக் 1960 இல் இதற்குத் 'தாது' நோய்க்குறி என்று பெயரிட்டார். நம் இலங்கையிலும் இவ்வச்சத்துடன் சிகிச்சைக்கு வந்தோரைப் பற்றிப் பத்மல் டி சில்வாவும் திசாநாயக்கவும் 1989 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அச்சுறுத்தும் விளம்பரங்கள் இந்தக் கவலையை வைத்தே பிழைக்கின்றன என்பதை இளைஞர்கள் உணரவேண்டும்.

கண்டியில் எங்கே செல்வது?

முதலாவது, 'செக்ஸ் ஸ்பெஷலிஸ்ட்' என்ற பெயர்ப்பலகையைத் தேடி அலைய வேண்டியதில்லை. இச்சிகிச்சையிற் பயிற்சி பெறுவோர் பெரும்பாலும் முதலில் வேறொரு துறையில் தேர்ந்தவர்களேயாவர்: உளமருத்துவர், உளவியலாளர், மகப்பேற்று மருத்துவர், சிறுநீரகத்துறை மருத்துவர், பாலியல் நோய்த்துறை மருத்துவர் போன்றோர். வழக்கமாகப் பார்க்கும் குடும்ப வைத்தியரிடமோ, அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ விடயத்தைச் சொல்லி, உரிய கிளினிக்குக்குக் கடிதம் பெறுவதே நேரிய வழி. கண்டித் தேசிய வைத்தியசாலையும் பேராதனைப் போதனா வைத்தியசாலையும் நம் மாவட்டத்தின் இரு பெருந்தூண்கள். பேராதனையில் 1962 இல் தொடங்கிய மருத்துவ பீடம் உளமருத்துவத்துக்கெனத் தனித்துறை கொண்டது. அரசாங்கக் கிளினிக்குகளிற் கட்டணமில்லை. கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளைப் பகுதியினர் தத்தம் வைத்தியசாலையிலேயே தொடங்கலாம். வீடு தேடிவரும் குடும்பநல மாதுவிடம் கேட்பதும் நன்று. பெண்ணுக்குப் பெண் பேசுவது எளிது. 1953 இல் நிறுவப்பட்ட குடும்பத் திட்டச் சங்கத்தையும் நாடலாம். நேரிற் செல்லத் துணிவில்லாதோர் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணில் முதலிற் பேசிப் பார்க்கலாம். வீட்டில் அடியும் பலவந்தமும் உண்டாயின், பெண்களுக்குரிய 1938 என்ற எண் இருக்கின்றது.

தமிழ் பேசுவோருக்கு இங்கு ஒரு தனி இடர் உண்டு. வைத்தியருக்குத் தமிழ் தெரியாதபோது, சிற்றூழியரையோ, பள்ளிக்குச் செல்லும் தங்கையையோ மொழிபெயர்க்க வைப்பதைக் காண்கிறோம். அந்தரங்கத்தை அவ்வாறு எங்ஙனம் சொல்ல இயலும்? எனவே, தமிழ் பேசும் வைத்தியரோ தாதியோ உள்ள நாளை முன்கூட்டிக் கேட்டறிந்து செல்லுங்கள். சொல்ல நா எழாதாயின் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எக்காரணம்கொண்டும் பிள்ளைகளை இடையே நிறுத்தாதீர்கள்.

தகுதியுடையோரை அறிவது எப்படி?

தனியாரிடம் 'சனல்' செய்து பார்க்க விரும்புவோர் சில கேள்விகளைக் கூசாமற் கேட்கவேண்டும். மேல்நாட்டு வைத்தியராயின் அவர் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் உள்ளதா? சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியராயின், 1961 ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் ஆயுர்வேத மருத்துவ சபையிற் பதிவு பெற்றவரா? உளவியலாளர், உளவளத்துணையாளர் எனின், எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன பட்டம் பெற்றார்? பாலியற் சிகிச்சையில் யாருடைய மேற்பார்வையிற் பயின்றார்? தகுதியுடையோர் இக்கேள்விகளாற் கோபங்கொள்வதில்லை. கோபங்கொள்வோரிடம் நாம் செல்ல வேண்டியதுமில்லை.

நல்ல சிகிச்சையாளர் முதலிற் கேட்பார், பிறகுதான் சொல்வார். கணவன் மனைவி இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் காண்பார். கட்டணத்தை முன்னரே கூறுவார். நீங்கள் சொன்னதைப் பிறரிடம் சொல்லார். உடலைச் சோதிக்க வேண்டின் அதனை வைத்தியரே, உங்கள் சம்மதத்துடன், தாதியோ நீங்கள் விரும்பும் வேறொருவரோ உடனிருக்கச் செய்வார். பேச்சுச் சிகிச்சைக்கு ஆடை களைய வேண்டியதேயில்லை. எவரேனும் பயிற்சி என்ற பெயரால் தகாத முறையிற் தொட முயன்றால், அக்கணமே எழுந்து வெளியே வந்துவிடுங்கள்; அது சிகிச்சையன்று, குற்றம்.

ஏழே நாளிற் பூரண சுகம் என உறுதி கூறுபவர், பெயரும் சேர்மானமும் எழுதாத டப்பியைத் தாமே விற்பவர், பார்த்த மாத்திரத்தில் நரம்புத் தளர்ச்சி என்று பயமுறுத்துபவர், முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்பவர் ஆகியோரை விட்டு விலகுவதே அறிவுடைமை. பஸ் தரிப்பிடச் சுவர்களில் ஒட்டப்படும் துண்டுப் பிரசுரங்களிற் காண்பவை பெரும்பாலும் இவையே. ஏமாந்தவர் வெட்கத்தால் முறையிடமாட்டார் என்பதே அவர்களுடைய முதலீடு.

பெற்றோருக்கும் ஒன்று சொல்வோம். மணமுடித்த பிள்ளைகளிடம் 'விசேஷம் ஏதாவது உண்டா' என்று மாதந்தோறும் கேட்பதைச் சற்று நிறுத்துங்கள். பெண்ணை மட்டும் வைத்தியசாலைக்கு இழுத்துச் செல்லாதீர்கள். அவர்கள் இருவரும் தனியே ஒரு வைத்தியரைக் காணப் புறப்பட்டால், எதற்கு என்று துருவிக் கேளாமல் விடுவதே நீங்கள் செய்யும் பேருதவி.

கடிதம் எழுதிய சகோதரிக்கு நமது மறுமொழி இதுதான். உங்களுக்கு வந்திருப்பது பலருக்கு வருவது; தீர்க்கக் கூடியது. உங்கள் கணவர் நல்லவர் என்றீர்கள். அந்த நல்லெண்ணமே இச்சிகிச்சைக்கு வேண்டிய முதற் பொருள். நமக்கு எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை முதலில் அவரிடம் சொல்லுங்கள்; பிறகு இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் சொல்லுங்கள். சென்று வந்தபின் நமக்கு ஒரு வரி எழுதுங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. கையெழுத்தை நாம் அறிவோம்.