கையைக் கட்டி வாயைத் திறவென்பதா?

பேச்சு வராத சாட்சியொருவர் கூண்டில் ஏறினால் நீதிமன்றம் என்ன செய்கின்றது? "வாய் திறந்தாற் கேட்போம், இன்றேல் இறங்கிப் போ" என்று விரட்டுகின்றதா? இல்லை. எழுதியோ சைகை காட்டியோ கருத்தை விளக்க அவருக்கு இடமளிக்கின்றது. திறந்த மன்றில் அவர் காட்டும் சைகையை வாய்மொழிச் சான்றாகவே கொள்ளவேண்டும் என்று 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 119 ஆம் பிரிவில் விதிக்கின்றது. அந்நியர் ஆட்சிக் காலத்துச் சட்டமே இத்துணை நியாயம் காட்டியிருக்க, நம் வீட்டு விறாந்தையில் இருக்கும் ஓட்டிசப் பிள்ளைக்கு நாம் வழங்கும் தீர்ப்பு யாது?

"கைச்சைகை பழக்காதீர்கள், பழக்கினால் பிள்ளை பேசவே மாட்டாது!" உற்றாரும் அயலாரும் மட்டுமல்லர், கற்றறிந்தோர் சிலரும் இதனையே ஓதுகின்றனர். விசாரணையின்றி வழங்கப்பட்ட இத்தீர்ப்புக்கு எதிரானதே எமது மேன்முறையீடு.

சான்றைப் பார்ப்போம். சைகையும் பிற துணைவழிகளும் பழகிய வளர்ச்சிக் குறைபாடுடையோர் பற்றிய ஆய்வுகளை மில்லர், லைட், சுலோசர் ஆகியோர் திரட்டி 2006 இல் வெளியிட்டனர். உறுதியான சான்றுள்ள 27 பேரில் ஒருவருக்கேனும் பேச்சுக் குறையவில்லை. பெரும்பாலாருக்குக் கூடியது, எஞ்சிய சிலருக்கு மாற்றமில்லை. ஓட்டிசப் பிள்ளைகளைப் பற்றி 2008 இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பும் சைகை முதலியன பேச்சைத் தடுத்ததற்குச் சான்றில்லை என்றே கண்டது. பேச்சிற் கிடைத்த முன்னேற்றம் சிறிதே என்பதையும் அது மறைக்கவில்லை, நாமும் மறைக்கமாட்டோம். சைகை மந்திரமன்று. ஆயினும், கெடுதி செய்யும் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை!

இத்தவறு உலகுக்குப் புதிதுமன்று. 1880 இல் மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு, செவிப்புலனற்ற பிள்ளைகளின் கல்வியில் வாய்ப்பேச்சே வேண்டுமெனத் தீர்மானித்துச் சைகையை ஒதுக்கியது. வழிவழியாகப் பல தலைமுறைப் பிள்ளைகள் அதற்கு விலை கொடுத்தனர். 130 ஆண்டுகள் கழித்து, 2010 இல், வன்கூவரிற் கூடிய மாநாடு அதற்காக வருந்தியது. நாமும் அவ்வளவு காலம் காத்திருந்தா வருந்தவேண்டும்?

வாயினின்று பிறந்த சொல் கணத்தில் மறைகின்றது. கையோ கண்முன் நிற்கும், மெல்லக் காட்டலாம், மீண்டும் காட்டலாம். "தண்ணீர்", "போதும்", "நோகுது" என்னும் மூன்றைத் தானும் கேட்கவோ சொல்லவோ வழியற்ற பிள்ளை என் செய்யும்? அலறும், கடிக்கும், தலையைச் சுவரில் மோதும். நாம் அதனைக் குழப்படி என்போம். கேட்கும் வழியைப் பழக்கியதும் அத்தகைய நடத்தை குறைந்ததைக் காரும் டியூரண்டும் 1985 இலேயே காட்டினர்.

பெற்றாரே, இதற்குப் பெரும் பணமும் வேண்டா, பட்டமும் வேண்டா. பிள்ளை விரும்பும் பொருள் ஒன்றிரண்டில் தொடங்குங்கள். சொல்லை வாயாற் சொல்லிக்கொண்டே கையாலும் காட்டுங்கள். பிள்ளையின் விரல் கோணலாக அசைந்தாலும் உடனே ஏற்று, கேட்டதைக் கொடுங்கள். தோட்டத்தால் வரும் தகப்பனும், அடுப்படியில் நிற்கும் ஆச்சியும் ஒரே சைகையைக் காட்டட்டும். விரல் வசப்படாத பிள்ளைக்குப் படங்கள் உண்டு. செவிப் பரிசோதனையையும் பேச்சுப் பயிற்சியையும் கைவிடவேண்டா. சைகை அவற்றுக்குத் துணையேயன்றிப் பகையன்று.

"வீட்டுச் சைகை வெளியில் யாருக்கு விளங்கும்?" என்பார் உளர். நல்ல கேள்வி! பழி பிள்ளைமீதா, விளங்கிக்கொள்ள மறுக்கும் நம்மீதா? இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. சைகை மொழியையும் மொழியென்றே அச்சமவாயம் வரையறுக்கின்றது. பேச்சுக்குத் துணையான வழிகளைக் கற்க உதவுமாறு அரசுகளைப் பணிக்கின்றது. கையொப்பமிட்ட கை சும்மா இருக்கலாமா? முன்பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் அடிப்படைச் சைகைகளைப் பயிற்றுவிக்குமாறு மாகாணக் கல்வி நிருவாகத்தைக் கேட்போம். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பட்டும்.

கல்லாலின் கீழ்ச் சின்முத்திரையால் உணர்த்தியவனைக் குருவென்று கும்பிடும் நாம், பிள்ளையின் கைமொழியைக் கண்டு வெட்குவதா? சாட்சிக்குள்ள உரிமை பிள்ளைக்கும் உண்டு. கட்டிய கையை அவிழ்த்து விடுங்கள்!