முத்துக்கடலும் கொம்புத் திருக்கையும்

திருக்கை என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது கறிச்சட்டி. அடுத்து வருவது, ஒரு தலைமுறைப் பிள்ளைகளை நடுங்க வைத்த திருக்கைவால். இவ்விரண்டிற்கும் அப்பால் அம்மீன் கடலினுள்ளே எவ்வாறு வாழ்கின்றதென்பதை அறிந்தோர் நம்மிற் சிலரே. அவ்வினத்துட் பெரியனவாகிய கொம்புத் திருக்கையையும் ஆனைத் திருக்கையையும் மாலைதீவிலே நீருள் மூழ்கிக் காண்பதற்கென உலகின் நானா திசைகளினின்றும் மக்கள் வருகின்றனர். மன்னார்க் குடாவிலும் அவ்வினம் உண்டு. ஆயினும் நாம் அதனைக் காண்பது வலையிற் பட்டு இறந்தபின், கரையிலே துண்டாடப்படும்போது மாத்திரமே.

விழா மலரொன்றில் மீனைப்பற்றி எழுதுவது சிலர்க்கு விநோதமாகத் தோன்றலாம். திருக்கேதீச்சர யாத்திரை செல்லும் நம்மவர் பாலாவியிலே தீர்த்தமாடித் திரும்புகின்றனர். மாதோட்டத்துப் பழம்பெருமை பேசி மகிழ்கின்றனர். அப்பெருமைக்குக் காரணமாயிருந்த கடலை மட்டும் எட்டி நின்று பார்ப்பதோடு அமைகின்றனர். இது தகுமோ என்பதே நமது வினா.

மூழ்குதல் மன்னாருக்குப் புதிய கலையன்று. சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டிக் கரைகளுக்கு எதிரேயுள்ள பெரிய பார், செவல் பார் முதலிய முத்துப் பார்களிலே, கல்லின் பாரத்தால் ஐந்து முதற் பத்துப் பாகம்வரை இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பி வாரிய குளியாளரின் திறமை உலகறிந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதிய கடல்கட்டிகளுக்கு ஆங்கில அரசினரே சம்பளம் கொடுத்தனர்! மந்திரத்தில் அவர்களுக்கு நம்பிக்கையில்லை. கடல்கட்டி இல்லையேற் குளியாளர் இறங்கார் என்பதே காரணம்.

அச்செல்வத்தின் கதி யாதாயிற்று? 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் வாரப்பட்டன. அடுத்த ஆண்டு, வருடத்திற்கு மூன்று இலட்சத்துப் பதினாயிரம் ரூபா குத்தகைக்கு ஓர் இலண்டன் கம்பனி பார்களைப் பெற்றது. சில ஆண்டுகளுள் பார்கள் வெறுமையாயின, கம்பனியும் நொடிந்தது. எடுப்பதில் இருந்த வேகம் அறிவதில் இருக்கவில்லை.

அறிய முயன்றோரும் இல்லாமலில்லை. 1902இல் இங்கு வந்த பேராசிரியர் ஹேட்மன், தம் துணைவர் ஹோணலுடன் பார்களை ஆராய்ந்து ஐந்து பாகங்களில் அறிக்கை வெளியிட்டார். சிப்பிக்குட் புகும் ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவத்தைச் சூழ்ந்தே நல்முத்து விளைகின்றதென்றும், அப்புழு முதிர்ச்சியடைவது சிப்பி தின்னும் திருக்கையின் குடலிலென்றும் அவர் கருதினார். பின்வந்த அறிஞர் இக்கொள்கையை முற்றாக ஏற்றிலர். எனினும் சிப்பியை அழிக்கும் பகையென்று எண்ணப்பட்ட திருக்கையே முத்தின் பிறப்புக்கும் உதவுவதாயிருக்கலாம் என்ற எண்ணம், கடலில் எதனையும் வேண்டாதது என்று தள்ளுமுன் சற்றுத் தயங்கச் சொல்கின்றது.

சிப்பி தின்னும் திருக்கை வேறு, நாம் எடுத்துக்கொண்ட கொம்புத் திருக்கை வேறு. பின்னது சிப்பி தின்பதில்லை. தலையின் இருமருங்கும் கொம்புபோல் நீண்ட மடல்களால் நீரை வாய்க்குட் செலுத்தி, நுண்ணுயிர்களைச் செவுள்களால் வடித்து உண்பது. ஆனைத் திருக்கை ஏழு மீற்றர் அகலம்வரை வளரும், மனிதரைத் தாக்குவதில்லை. மீன்களுள் மிகப் பெரிய மூளை இதற்கே உண்டென்பர். வயிற்றுப்புறத்துப் புள்ளிகள் ஒன்றற்குள்ளதுபோல் மற்றொன்றற்கு இரா. அவற்றைப் படம்பிடித்து, மாலைதீவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் தனித்தனி அடையாளங் கண்டு பதிந்துள்ளனர்.

இதன் துன்பமெல்லாம் இனப்பெருக்கத்தின் மந்தகதியிலே உள்ளது. ஓராண்டுக்குமேற் சுமந்து, பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் செல்லும். சூரைக்கு விரித்த வலையில் அகப்படும் இதன் இறைச்சிக்கு விலை அற்பம். உலர்த்திய செவுள்களுக்கோ சீன மருந்துச் சந்தையில் நல்ல விலை. இலங்கைத் துறைகளில் 2010 முதல் 2020 வரை நிகழ்த்தி, 2021இல் டானியல் பெர்னாண்டோவும் ஜோசுவா ஸ்டூவர்ட்டும் வெளியிட்ட ஆய்வு, சிறுதொழில் எனப்படும் நமது மீன்பிடியிலேயே இவை பெருந்தொகையாக அழிகின்றன என்று காட்டிற்று. ஆனைத் திருக்கையை 2013இலும், கொம்புத் திருக்கையை 2016இலும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்த்தனர். பட்டியல் கப்பற்றுறையிற் பயன்படும். நடுக்கடலில் வலையை இழுப்பவன் கையில் அது இல்லை.

இனி மூழ்குதலுக்கு வருவோம். 1943இல் பிரான்சிலே கூஸ்தோவும் ககனானும் காற்றுக்கலத்தோடு நீருள் இயங்கும் கருவியை ஆக்கினர். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக்கு வந்து, இந்நாட்டவரான றொட்னி ஜொங்கிளாசுடன் கடலடியைக் கண்டனர். கிளார்க் அடுத்த ஆண்டே ஒரு நூலும் எழுதினார். அதே கருவி நம் வடகரைக்கு வந்தது காண்பதற்கன்று; சங்கும் கடலட்டையும் எடுப்பதற்கு. இளைஞர் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நாளுக்குப் பலமுறை இறங்குகின்றனர். ஆழத்தில் உடலிற் கரைந்த நைதரசன், விரைந்து மேலெழுங்கால் குமிழியாகி மூட்டையும் முள்ளந்தண்டையும் தாக்கும் என்பதை முறையாகக் கற்பிப்பார் இன்றி, கால் வழங்காது வீட்டோடு முடங்கியோர் உளர். முன்னோர் மூச்சடக்கி இறங்கிய கடலிலே, காற்றோடு இறங்குபவன் ஊனமுறுகின்றான். இது கருவியின் குற்றமன்று, கல்வியின் குறை.

இந்நிலையில், உல்லாசப் பிரயாணிகளை அழைத்துவந்து திருக்கையைக் காட்டினால் மன்னார் செழிக்கும் என்பார் உளர். மாலைதீவில் இதனால் ஆண்டுக்கு எண்பது இலட்சம் டொலர் வருமானம் எனக் கணக்கிட்டுள்ளனர். ஆகவே அவர் கூற்றை நாம் இகழவில்லை. ஆனால் வருமானத்தைக் கூறுவோர், அங்குள்ள ஹனிபாறுக் குடாவில் 2012 முதற் காற்றுக்கலத்தோடு மூழ்குதலே தடுக்கப்பட்டதையும், நீந்திக் காண்போர் தொகைக்கும் நேரத்துக்கும் எல்லை விதிக்கப்பட்டதையும் கூறார். மற்றொன்று: திருக்கை நாடுவது நுண்ணுயிர் மலிந்து கலங்கிய நீர், பிரயாணி நாடுவது பளிங்கு நீர். மன்னார்க் கடல் திருக்கைக்கே இசைவானது! படம் பார்த்து வருவோர் ஏமாந்து போகவுங் கூடும்.

மீனவனின் அடுப்பைப் புகைப்படம் எரிக்குமா என்று கேட்பது நியாயமே. அடிமடி இழுவை 2017இற் சட்டத்தால் தடுக்கப்பட்டும் எல்லை தாண்டிவரும் இழுவைப் படகுகளால் வலையிழந்தவனிடம், திருக்கையை விடுவி என்று நாம் எவ்வாறு சொல்வது? சொல்லவேண்டியது அவனிடம் முதலிலன்று, நம்மிடமே. பழைய மாணவருள் வைத்தியர், பொறியியலாளர், வெளிநாட்டிற் பொருளீட்டுவோர் பலர் உளர். மன்னாரிலிருந்து வந்து நம் கல்லூரியில் ஒரு மாணவன் கற்பானாயின், அவன் நீந்தவும் முறைப்படி மூழ்கவும் பயில ஓர் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தலாகாதா? கிரிக்கெட் மட்டைக்குச் சேர்க்கும் பணத்திற் பாதி போதும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கடற்றொழில் விஞ்ஞானம் கற்பிக்கப்படுகின்றது. அதன் மாணவரோடு பேசாலை, சிலாவத்துறைக் குளியாளரும் ஒரே வள்ளத்திற் சென்று, திருக்கை எந்த மாதத்தில் எந்தப் பாரில் வருகின்றதென்று ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கட்டும். பிரயாணிகளின் படகு வருவதாயின் அதற்குப்பின் வரட்டும். வழிகாட்டியாக அப்படகின் முனையில் அவ்விளைஞரே இருக்கட்டும்.